லூனாவின் இறுக்கமான மோதிரம்

லூனா கார்டோஸே ஒரு துணியை இரண்டாம் முறை அளந்து பார்த்ததை எவரும் கண்டதில்லை. கரீபியக் கடல் தீவொன்றின் தலைநகரான வில்லெம்ஸ்டாட்டின் நடுவிலுள்ள புண்டாப் பகுதியில், ஒரு துணிக்கடையின் முன்மேசைக்குப் பின்னால் நின்றே அவர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தார். உள்ளே நுழைபவரின் தோளை ஒரு பார்வை பார்த்தால் போதும், சட்டைக்கு எவ்வளவு துணி வேண்டும் என்று சொல்லிவிடுவார்; அதன்பின் அளவுகோலை எடுப்பது வாங்குபவரின் மன ஆறுதலுக்காக மட்டுமே. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவி, இது நல்ல லினன், இது அதன் போலி என்று பிரித்து வைப்பார். "நிச்சயமா?" என்று யாரேனும் கேட்டால் "எனக்குத் தெரியும்" என்பார். அதற்குமேல் பேச்சில்லை. நான் நில அளவைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். கருவிகளை நம்பியே பிழைத்த எனக்கு, கருவியே இல்லாமல் இவ்வளவு தெளிவாக இருக்கும் ஒருவர் அடுத்த வீட்டில் குடியிருந்தது ஓரளவு எரிச்சலாகவே இருந்தது.

அவருடைய கணவர் யோசியாவ் இதற்கு நேர்மாறு. கப்பல் பழுதுபார்க்கும் துறையின் பண்டகசாலையில் அவருக்கு வேலை. ஊரார் பொருள்களையெல்லாம் பத்திரமாகக் காத்த அம்மனிதர் தம் மூக்குக்கண்ணாடியைத் தொலைத்தார், குடையைத் தொலைத்தார். ஒருமுறை மிதவைப் பாலத்தின்மீது நின்று யாருடனோ பேசிக்கொண்டிருக்கையில் கப்பலுக்காகப் பாலம் விலகிவிட, மீண்டும் அது கரையைத் தொட்டபோது தாம் எந்தக் கரைக்குப் போகப் புறப்பட்டோம் என்பதையே மறந்து நின்றார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. எங்கள் ஓய்வுநாளான சனிக்கிழமை காலைகளில் இருவரும் ஸ்னோவாவில், அதாவது யூதர்களான எங்கள் தொழுகைக்கூடத்தில், எனக்கு முன்னிருக்கையில் அமர்வார்கள். உரை நீண்டுவிட்டால் யோசியாவ் ஷூ நுனியால் தரையெங்கும் பரப்பியிருக்கும் மணலில் கோடு கிழிப்பார். லூனா தம் ஷூவால் அதை அழிப்பார்.

யோசியாவைப் பற்றி லூனாவுக்குத் தீராத குறை ஒன்று உண்டு. அதைக் கடைக்கு வருபவரிடமும் சொல்வார், படகுத்துறையில் நிற்பவரிடமும் சொல்வார்.

"கல்யாணத்தன்னிக்கு, விதானத்துக்குக் கீழ நிக்கிறோம். ஊரே பாத்துக்கிட்டிருக்கு. மோதிரத்தப் போடப்போற நேரத்துல மனுஷன் குனிஞ்சு ஷூ கயிறு கட்டுறார்! வீட்லயே ஒழுங்காக் கட்டிக்கிட்டு வரத் தெரியாதா?"

யோசியாவ் மறுத்துப் பேசியதே இல்லை. சிரித்தபடி வேறு பக்கம் பார்ப்பார்.

இரண்டாவது குறை அந்த மோதிரத்தையே பற்றியது. எங்கள் வழக்கப்படி திருமண மோதிரத்தில் கல் பதிப்பதில்லை. எழுத்து எதுவும் பொறிப்பதில்லை. வெறும் பொன் வளையம். லூனாவின் விரலில் அது எப்போதும் இறுக்கமாகவே இருந்தது. "நூலச் சுத்தி ஒரு தடவைக்கு ரெண்டு தடவ அளவெடுத்தாரு. அப்படியும் சின்னதா வாங்கிட்டு வந்து நிக்கிறாரு" என்பார். ஆனால் அதைப் பெரிதாக்கித் தருவதாகப் பொற்கொல்லர் சொன்னபோது கையை இழுத்துக்கொண்டார். "இறுக்கமாவே இருக்கட்டும். அவர் கண்ணாடி மாதிரி இதுவும் தொலையவா?"

யோசியாவ் ஒரு மழைக்காலத்தில் காலமானார். அதன்பின் லூனா அவருடைய குறைகளைச் சொல்வதைக் குறைத்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தோம். குறைக்கவில்லை. முன்பைவிட அதிகமாகவே சொன்னார்.

அடுத்த ஆண்டு அவருடைய தம்பி மோரிஸின் மகள் ஹானாவுக்குத் திருமணம் உறுதியாயிற்று. மணமகன் ரூபன், கடல்கடந்து பாரன்கியா நகரிலிருந்து வந்தவன். லூனா தம் மோதிரத்தையே மணமோதிரமாகக் கொடுப்பதென்று முடிவு செய்தார். இதில் ஒரு விதி உண்டு. மணமகன் அணிவிக்கும் மோதிரம் அவனுக்கே முழுச் சொந்தமாக இருக்க வேண்டும். இரவல் மோதிரமோ பிறருடைய மோதிரமோ ஆனால் திருமணம் செல்லாது. எனவே லூனா அதை முன்கூட்டியே ரூபனுக்கு முழுமையாகக் கொடுத்துவிட வேண்டும். திருமணம் ஞாயிறு மாலை. வெள்ளிக்கிழமை மாலை, தொழுகைக்கு முன் எங்கள் முன்னிலையில் கொடுப்பதாக ஏற்பாடு.

மணல் பரப்பிய ஸ்னோவாவை ரூபன் அதற்குமுன் பார்த்ததில்லை. வாசலில் நின்று ஷூவைக் கழற்றத் தொடங்கினான்.

"மாட்டு, மாட்டு," என்று ஹானா அவன் தோளில் தட்டினாள். "குளிக்கவா வந்திருக்க? இது கடற்கரை இல்ல."

"மணலா இருக்கே. எதுக்கு இந்த மணல்?"

"நம்ம முன்னோர் பாலைவனத்துல நடந்தாங்க, அதுக்காக" என்றார் ஹசான். ஹசான் என்பது பெயரல்ல; எங்கள் தொழுகையை நடத்துபவரை அப்படித்தான் அழைப்போம்.

"இல்ல மாப்ள, பழைய நாட்டுல ஒளிஞ்சு தொழுதப்போ காலடிச் சத்தம் கேக்காம இருக்க மணல் போட்டாங்க. அந்த ஞாபகம்" என்றார் மோரிஸ்.

"ரெண்டும் இல்ல. உன் சந்ததி மணல் மாதிரி பெருகும்னு ஆபிரகாமுக்குச் சொன்ன வாக்கு. எனக்குத் தெரியும்" என்றார் லூனா.

ரூபன் மூவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, ஷூவை அணிந்துகொண்டு உள்ளே வந்தான்.

ஞாயிறன்று மணவிதானம் நிற்கப்போகும் இடத்தில், வேதச் சுருள்களை வைக்கும் பேழைக்கு எதிரே, கூடினோம். மோதிரம் விரல் கணுவைத் தாண்டி வர மறுத்தது. ஹானா சோப்பு எடுத்துவரப் போனாள்.

"சோப்பு வேணாம்டி. தேங்காயெண்ணெய் கொண்டாந்திருக்கேன்," என்று லூனா கைப்பையிலிருந்து சிறு குப்பியை எடுத்தார். எண்ணெயைத் தாராளமாகத் தடவித் திருகினார். மோதிரம் அசைந்தது, கணுவில் ஏறியது, பின் சட்டென்று நழுவி அவர் விரல்களுக்கிடையே பாய்ந்து கீழே போயிற்று. விழுந்த ஓசை எதுவும் கேட்கவில்லை. மணலில் எதுவும் ஓசையோடு விழுவதில்லை.

ரூபன் அந்தக் கணமே மண்டியிட்டு இரு கைகளையும் மணலுக்குள் விட்டான்.

"தம்பி, கைய எடுங்க," என்றார் ஹசான்.

"இங்கதான் விழுந்துச்சுய்யா!"

"ஜன்னலப் பாருங்க. சூரியன் போயாச்சு, ஓய்வுநாள் தொடங்கியாச்சு. ஓய்வுநாள்ல சலிக்கக் கூடாது. விலக்கின வேலைகள்ல அதுவும் ஒண்ணு."

"நான் சலிக்கலயே. சும்மா தடவுறேன்."

"மணல விரலிடுக்கு வழியா விட்டு, மோதிரத்த மட்டும் கையில நிறுத்தப் பாக்குறீங்க. அதுக்கு என்ன பேரு?"

"பதட்டம்னு பேரு," என்றார் மோரிஸ்.

ஹசான் சிரிக்கவில்லை. மேலாகக் கண்ணில் பட்டால் எடுத்துக்கொள்ளலாம், தோண்டவோ சலிக்கவோ வேண்டாம் என்றார். நாங்கள் குனிந்து குனிந்து பார்த்தோம். எதுவும் மின்னவில்லை. மணலில் எங்கள் காலடித் தடங்கள்தாம் பெருகின. எழுதிக் குறித்து வைக்கவும் இனி இயலாது, எழுதுவதும் விலக்கப்பட்டதே. எனவே மோதிரம் விழுந்த இடத்தின்மீது ஒரு நாற்காலியை வைத்தேன். அது போதும் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை ஓய்வுநாள் தொழுகை. திருமணத்திற்கு வந்த உறவினரும், துறைமுகத்தில் நின்ற கப்பலிலிருந்து வந்த விருந்தினருமாகக் கூடம் நிறைந்திருந்தது. நான் வந்து பார்த்தபோது என் நாற்காலி சுவரோரம் மற்ற நாற்காலிகளோடு ஒழுங்காக நின்றது.

மோரிஸ் எங்கள் சபையின் தலைவர். ஒரு நாற்காலி வரிசை பிசகி நின்றால் அவருக்குக் கை சும்மா இருக்காது.

"நடைபாதையில கெடந்துச்சு. ஒதுக்கி வெச்சேன்," என்றார்.

"மோரிஸ், அது அடையாளம்!"

"அடையாளம்னு நாற்காலி மேல எழுதியிருந்துச்சா?"

"எழுதக் கூடாதேடா, மடையா," என்றார் லூனா. தம் இருக்கையில் அமர்ந்து, அவ்வளவு பேரும் அந்த மணலில் நடந்து செல்வதைத் தொழுகை முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். இடக்கை விரலில் மோதிரம் இருந்த இடம் வெளுத்துப் பள்ளமாகத் தெரிந்தது. அதை வலக்கையால் மூடிக்கொண்டிருந்தார்.

ஞாயிறு காலையில் எல்லோரும் வீட்டிலிருந்து மாவு சலிக்கும் சல்லடைகளைக் கொண்டுவந்தோம். நான் கயிறு கட்டி, பேழைக்கும் நடுமேடைக்கும் இடைப்பட்ட மணலைக் கட்டங்களாகப் பிரித்தேன். ஒரு கட்டத்தை முடித்த பின்னரே அடுத்ததைத் தொடலாம் என்றேன். மோரிஸ் தமக்குப் பிடித்த மூலையில் தொடங்கினார்.

மணலுக்குள்ளிருந்து எங்கள் சபையே வெளிவந்தது எனலாம். கொண்டை ஊசிகள், சட்டைப் பொத்தான்கள், இப்போது புழக்கத்தில் இல்லாத சதுர ஐந்து சென்ட் காசு, ஒரு குழந்தையின் பால்பல். பிறகு ஹானா கூவினாள்.

"அத்தை! கெடச்சிடுச்சு!"

லூனா எழுந்து வந்தார். மோதிரத்தை வாங்கி விரலில் நுழைத்தார். கணுவில் நின்றது. எண்ணெய் தடவி அழுத்தினார், ஏறியது. "இதுதான்," என்றார். நாங்கள் கைதட்டினோம். மோரிஸ் சல்லடையைத் தூக்கி எறிந்துவிட்டுத் அக்காவை அணைத்துக்கொண்டார்.

அந்த ஆரவாரத்துக்கு நடுவே, தன் சல்லடையில் எஞ்சியிருந்த மணலை உதறிக்கொண்டிருந்த ரூபன், "இது யாரோடது?" என்று கேட்டான். அவன் விரல்நுனியில் இன்னொரு மோதிரம் இருந்தது. அதேபோன்ற பொன் வளையம்.

கட்டங்களை முழுவதும் முடிப்பதே முறை என்று நான் சொன்னேன். அப்படிச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று உடனே தோன்றியது. என் சல்லடையில் மூன்றாவது மோதிரம் கிடைத்தது. மோரிஸின் மூலையில் நான்காவது.

"கழுவிட்டுப் பாத்தா தெரிஞ்சிடும்," என்று மோரிஸ், லூனாவின் விரலில் இருந்ததையும் கழற்றி வாங்கி, நான்கையும் எடுத்துக்கொண்டு பின்கட்டுக்கு விரைந்தார். அவர் போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

"எண்ணெய்! வெள்ளிக்கிழமை விழுந்ததுல எண்ணெய் இருந்திருக்குமே. மணல் அப்பியிருக்குமே!"

அதற்குள் அவர் நான்கையும் ஒரே கிண்ணத்தில் சோப்புத் தண்ணீரில் குலுக்கி, பளபளவென்று கொண்டுவந்து நிறுத்திவிட்டார்.

ஒரு வெள்ளைத் துணியின்மீது அவற்றை வரிசையாக வைத்தோம். எங்கள் பெற்றோர் காலத்தில் சபை முழுவதற்கும் மோதிரம் செய்தவர் ஒரே பொற்கொல்லர், ஒரே அச்சு. எல்லாவற்றிலும் கீறல்கள் இருந்தன. விரல் தேய்த்த கீறலா, மணல் தேய்த்த கீறலா என்று பிரிக்க இயலவில்லை. லூனா ஒவ்வொன்றாக அணிந்து பார்த்தார். ஒன்று தளர்வாக ஆடியது. ஒன்று ஏறவே இல்லை. இரண்டு இறுக்கமாக ஏறின.

"ரெண்டுல எது அத்தை?" என்று ஹானா கேட்டாள்.

லூனா கண்களை மூடிக்கொண்டார். லினனைத் தடவுவதுபோல் ஒன்றைக் கட்டைவிரலால் தடவினார். பிறகு மற்றொன்றை. மீண்டும் முதலாவதை. "எனக்கு..." என்று தொடங்கினார். நாங்கள் காத்திருந்தோம். அந்த வாக்கியம் முடியவில்லை.

"அரை நூற்றாண்டு கையிலயே கெடந்துச்சு," என்றார். "எனக்கே அடையாளம் தெரியலையே, ஷோன் பென்னி."

என்னை அவர் ஷோன் என்று அழைப்பது வழக்கம்தான்; ஆண் பெண் இருவருக்கும் பொதுவான மரியாதைச் சொல் அது. ஆனால் ஏதாவதொன்று தெரியவில்லை என்று அவர் என்னிடம் சொன்னது அதுவே முதல் தடவை.

"ஹசான்," என்றார் மோரிஸ், "ரெண்டுல ஒண்ண எடுத்துப் போட்டா என்ன? பாதிக்குப் பாதி அக்காவோடதுதானே?"

"மீதிப் பாதி? அது வேற யாரோடதாவது இருந்தா உங்க பொண்ணுக்குப் பாதிக் கல்யாணம்தான் ஆகும்."

"பாதிக் கல்யாணம்னா எப்படி? காலையில மட்டுமா?"

"அப்பா, சும்மா இரு," என்றாள் ஹானா.

திருமணத்திற்கு மோதிரம் கிடைக்காமல் போகாது. என் மனைவியே தன்னுடையதைக் கழற்றி ரூபனுக்குக் கொடுத்துவிட ஆயத்தமாக இருந்தாள். கிடைக்காமல் போவது யோசியாவ் அணிவித்த மோதிரம் மட்டுமே. ஆனால் லூனா கொடுக்க விரும்பியது அது ஒன்றைத்தான். அவர் அந்த நான்கையும் பார்த்தவாறு அமர்ந்திருந்தார். நான் கயிற்றைச் சுருட்டினேன். பிறகு ஏன் சுருட்டினேன் என்று தெரியாமல் மறுபடி விரித்தேன்.

அப்போது கிரசியா வந்து சேர்ந்தார். அவர் யோசியாவின் அக்கா, வயதில் எங்கள் எல்லோருக்கும் மூத்தவர், ஊன்றுகோலைவிடக் கூர்மையான நாக்கு. அக்கரையான ஓட்ரோபண்டாவில் குடியிருப்பவர். கப்பலுக்காகப் பாலம் விலகியிருந்ததால் படகில் வந்திருந்தார்.

"என்னடி லூனா, கல்யாண வீட்ல எல்லாரும் மாவு சலிக்கிறீங்க? ரொட்டி சுடப் போறீங்களா?"

ஹானா நடந்ததைச் சொன்னாள். கிரசியா துணியின் மீதிருந்த மோதிரங்களைப் பார்த்தார். பிறகு ஊன்றுகோலில் சாய்ந்துகொண்டு சிரிக்கத் தொடங்கினார். தோள்கள் குலுங்கின. மோரிஸ் அவசரமாக ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டார்.

"இதுல சிரிக்க என்ன இருக்கு, அண்ணி?" என்றார் லூனா.

"உன் புருஷன் ஷூ கயிறு கட்டினான்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறியே. அவன் கயிறா கட்டினான்? அன்னிக்கு அவன் போட்டிருந்த ஷூவுல கயிறே கெடையாது."

"பின்ன?"

"மோதிரத்தக் கீழ போட்டுட்டான். இதே இடம். குனிஞ்சு, கைய விட்டான், ஒண்ணு ஆப்ட்டுச்சு, எடுத்து ஊதி உனக்குப் போட்டுட்டான். ராத்திரி எங்கிட்ட வந்து நிக்கிறான். 'அக்கா, நான் வாங்கினது இல்ல போலிருக்கு. நான் அளவு பாத்து வாங்கினேன், இது இறுக்கமா ஏறுது'ங்கறான்."

லூனாவின் முகத்தில் நான் எதிர்பார்த்த கோபம் வரவில்லை. அவர் எதையோ கேட்க முயல்பவர்போல் தலையைச் சாய்த்திருந்தார்.

"மணல் உறுத்துச்சு," என்றார் மெல்ல. "மோதிரத்துக்கு உள்ள. அன்னிக்கே உறுத்துச்சு. எங்கேர்ந்து வந்துச்சுன்னு நெனச்சேன்."

"ஏன் மச்சான் சொல்லவே இல்ல?" என்று மோரிஸ் கேட்டார்.

"சொன்னா இவ விடுவாளா? 'அக்கா, அவ ஸ்னோவா பூராத்தையும் சலிச்சிடுவா'ன்னான். சத்தியம் வாங்கிட்டான் எங்கிட்ட."

லூனா தம் மடியில் கிடந்த சல்லடையைப் பார்த்தார். அதை மெதுவாகத் தரையில் வைத்தார்.

"அப்ப நான் இத்தன வருஷமா போட்டிருந்தது யாரோட மோதிரம்?"

திடீரென்று அவர் நிமிர்ந்தார்.

"ஹசான்! அடுத்தவங்க மோதிரத்தப் போட்டா கல்யாணமே இல்லன்னு இப்பத்தானே சொன்னீங்க? அப்ப நான் அவருக்குப் பொண்டாட்டியா, இல்லையா?"

ஹசான் நல்ல படிப்பாளி. ஆனால் இப்படியொரு கேள்வியை அவரிடம் எவரும் கேட்டிருக்க மாட்டார்கள். தொப்பியை எடுத்து மறுபடி அணிந்தார். மேடையின் படியில் உட்கார்ந்தார். தாடியைத் தடவியபடி தமக்குள் ஏதோ வாதாடினார். மோரிஸ் வாய் திறக்கப்போக, ஹானா தந்தையின் காலை மிதித்தாள்.

"ஒரு பொருள் தொலைஞ்சு போச்சு," என்று ஹசான் இறுதியில் தொடங்கினார். "அதுல அடையாளம் எதுவும் இல்ல. தேடித் தேடிப் பாத்துட்டு, இனிமே கெடைக்காதுன்னு உடையவங்க கைவிட்டுட்டாங்க. அப்புறம் அத எடுக்கறவங்களுக்கே அது சொந்தம். அதான் சட்டம். அந்த மோதிரம் மணல்ல எத்தன நாள் கெடந்ததோ. உடையவங்க கைவிட்ட பொருள யோசியாவ் எடுத்தாரு. எடுத்த நிமிஷமே அவரோடது ஆயிடுச்சு. தன்னோட மோதிரத்தத்தான் உங்களுக்குப் போட்டாரு, ஷோன் லூனா. நீங்க அவரோட மனைவிதான்."

"நல்லவேளை," என்றார் கிரசியா. "இல்லன்னா இவ சமைச்ச மீனையெல்லாம் அவன் எதுக்குத் தின்னான்னு ஆயிடும்."

"மணல் சபைக்குச் சொந்தம்னு சபைத் தலைவர் வந்து நின்னா?" என்று நான் கேட்டேன். எதையும் முழுதாக முடிப்பது என் பழக்கம்.

"தலைவர் நான்தானே! நான் கைவிட்டேன், கைவிட்டேன்," என்று மோரிஸ் இரு கைகளையும் உயர்த்தினார். பிறகு விரலை மடக்கி எண்ணத் தொடங்கினார். "இருங்க. அப்ப இதுல மச்சான் போட்டது ஒண்ணு இருக்கணும். மச்சான் காசு கொடுத்து வாங்கினது, அதுவும் இங்கதானே விழுந்துச்சு, அதுவும் இருக்கலாம். அந்தத் தளர்ந்ததுதான் அதுவோ? மத்ததெல்லாம் யாரோ... சரி, எனக்குத் தலை சுத்துது."

ஹசானின் தீர்ப்புப்படி, நான்கில் லூனாவுடையது போக மற்றவை எடுத்தவர்களுக்கு உரியவை. நாங்கள் நால்வரும், அதாவது ஹானா, ரூபன், மோரிஸ், நான், அவரவர் எடுத்ததை லூனாவுக்கே கொடுத்துவிட்டோம் என்று உரக்கச் சொன்னோம். இப்போது எது எவருடையதாக இருந்தாலும் நான்கும் அவருக்கே சொந்தம். சட்டச் சிக்கல் தீர்ந்தது. ஆனாலும் லூனா துணியை விட்டு அகலவில்லை.

"இதுல எது அவரோடது, அண்ணி?"

"அவன் வாங்கினதா, எடுத்ததா? உனக்கு எது வேணும்?"

லூனா மீண்டும் துணியின்மீது குனிந்தார். தளர்வாக ஆடிய மோதிரத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், வைத்தார். இறுக்கமான இரண்டையும் தொட்டார், விட்டார்.

"அன்னிக்கு எப்படி எடுத்தாரு?"

"எப்படி எடுத்தான்னா? ஊரு பாக்குதேன்னு பயம். உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டே கைய விட்டான். கீழ குனிஞ்சு பாக்கக்கூட இல்ல."

லூனா நான்கு மோதிரங்களையும் உள்ளங்கையில் அள்ளிக்கொண்டு எழுந்தார். வெள்ளிக்கிழமை நாங்கள் நின்ற இடத்துக்கு நடந்தார். சல்லடையில் சலித்துப் பஞ்சாக இருந்த மணலில் அவற்றைப் போட்டார். ஹானா "ஐயோ" என்றாள். லூனா முழந்தாளிட்டு அமர்ந்து கையால் மணலை நன்றாகக் கலக்கினார். பின் முகத்தை உயர்த்தி, யோசியாவ் வழக்கமாக அமரும் இருக்கையைப் பார்த்தபடி கையை உள்ளே விட்டார். எடுத்தார். ஊதினார். ரூபனிடம் நீட்டினார்.

"இந்தா. உனக்குக் கொடுத்துட்டேன். இனி உன்னோடது."

அவன் இரு கைகளாலும் வாங்கிக்கொண்டான். "மிச்சம் மூணு?" என்று மணலைப் பார்த்துக் கேட்டான்.

"கெடக்கட்டும்," என்றார் லூனா. "யாராவது குனிவாங்க."

மாலையில் விதானம் எழுந்தது. ரூபன் சொல்ல வேண்டியதைச் சொல்லி, எங்கள் வழக்கப்படி ஹானாவின் சுட்டுவிரலில் மோதிரத்தை அணிவித்தான். அவன் அதைக் கீழே போடவில்லை. நாங்கள்தான் ஒருமுறை தரையைப் பார்த்துக்கொண்டோம். ஹானா முகத்தைச் சுளித்து, பக்கத்தில் நின்ற லூனாவிடம் கிசுகிசுத்தாள்.

"இறுக்கமா இருக்கு அத்தை."

"இருக்கட்டும். தொலையாது."

அது அந்த இறுக்கமான இரண்டில் ஒன்றா, ஹானாவின் விரல் பருமனா என்பதை நான் ஆராய விரும்பினேன். என் மனைவி என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

எல்லாம் முடிந்து, ரம்மில் ஊறிய கறுப்புக் கேக்கை முற்றத்தில் வெட்டிக்கொண்டிருந்தார்கள். வாசற்படியில் லூனா சுவரைப் பிடித்தவாறு நின்று ஷூவைக் கழற்றி மணலை உதறினார். ஸ்னோவாவிலிருந்து வெளியேறும்போது எல்லோரும் செய்வதுதான். நானும் என்னுடையதை உதறினேன். விழுந்த மணலை இருவரும் உற்றுப் பார்த்தோம். வெறும் மணல்தான்.

"ஷோன் லூனா, எடுத்தீங்களே, அது அவர் போட்ட மோதிரம்தானா? உங்களுக்கு என்ன தோணுது?"

"தெரியல," என்றார். இம்முறை அதைச் சொல்வதில் அவருக்குத் தயக்கம் இல்லை. ஷூவை மாட்டிக்கொண்டு, வெளுத்திருந்த விரலைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். முற்றத்தில் கிரசியா யாரையோ உரத்த குரலில் கேலி செய்துகொண்டிருந்தார். லூனா அந்தப் பக்கம் பார்த்தார்.

"பாவம், ஷோன் பென்னி. ஷூ கயிறு கட்டத் தெரிஞ்ச மனுஷன்தான். நான்தான் ஊரெல்லாம் தப்பாச் சொல்லிட்டேன்."